சொந்தக் கிளினிக் தொடங்கும் குமரி மாவட்ட மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்குளம் வட்டத்தில் ஒரு சந்திப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிளினிக் நடத்துகிறேன். பயிற்சி முடித்த தம்பி, தங்கைகள் மாதத்துக்கு இரண்டு பேராவது தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். படுக்கை வசதி இல்லாமல் வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கும் பொது மருத்துவர் கிளினிக்கைப் பற்றியது இது. பத்துப் படுக்கை போட்டு மருத்துவமனை கட்டுவது வேறு விளையாட்டு. அதில் நான் இறங்கியதில்லை.

இந்த மாவட்டத்தில்தான் திரும்பிய பக்கமெல்லாம் ஆஸ்பத்திரியாக இருக்கிறதே, இன்னொரு கிளினிக்குக்கு இடம் உண்டா?

முதலில் இந்தப் பயத்தின் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி நெய்யூரில் 1838இல் தொடங்கியது. 1920களில் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன குழுவில் இருந்த ஹோவர்டு சாமர்வெல் அங்கே வந்து பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் மருத்துவமனை. 2001 முதல் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. குலசேகரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. இவை போதாதென்று, களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் முழுக்கப் பெரிய மருத்துவமனைகள். ஆறு தலைமுறையாக டாக்டரைப் பார்த்துப் பழகிய மக்கள் இவர்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். மருந்துச் சீட்டை வாங்கியதும் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது சிறுநீரகத்தைப் பாதிக்குமாமே" என்று கேட்பார்கள்.

ஆகவே, டாக்டரே இல்லாத ஊரில் முதல் டாக்டராகப் போய் உட்காரும் வாய்ப்பு இங்கே கிடையாது. இங்கே குறைவாக இருப்பது வேறொன்று: சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அறுபத்தைந்து வயது அம்மாவைப் பத்து நிமிடம் உட்காரவைத்து, போன மாதம் என்ன மாத்திரை கொடுத்தோம் என்று நினைவு வைத்துப் பார்க்கும் டாக்டர். பிள்ளைகள் துபாயிலோ பெங்களூரிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களுக்குப் பெரிய மருத்துவமனையின் வரிசை ஒத்துவராது. உங்கள் கிளினிக் அவர்களை நம்பித்தான் நிற்கப்போகிறது. கீழே கணக்குப் போடும்போது இது இன்னும் தெளிவாகும்.

எந்த ஊரில் தொடங்குவது?

நாகர்கோவில் மாநகராட்சிக்குள் எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு மட்டும் போய் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்து எம்.டி.க்களின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே பொழுது போகும். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்சந்தை போன்ற சந்தை ஊர்களிலும் வாடகை ஏறிவிட்டது. நான் சொல்வது, அந்த ஊர்களிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பஸ் தடங்கள் சேரும் சிறிய சந்திப்பு. நம் மாவட்டத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெறும் வெளி என்பதே இல்லை. வீடுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். சின்னச் சந்திப்பைச் சுற்றிக்கூட ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் அந்தச் சந்திப்பின் தேநீர்க் கடையில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காருங்கள். பஸ்ஸில் இருந்து யார் இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் நடக்கிறார்கள், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை கேட்பவர்கள் எத்தனை பேர் என்று கவனியுங்கள். நான் கிளினிக் வைத்த இடத்தை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முன்பு ஒரு முறை கவனிக்காமல் வைத்து, பதினொரு மாதத்தில் மூடினேன். அது சாலையின் தவறான பக்கம். ஊருக்குள் திரும்பும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். நடுவில் தேசிய நெடுஞ்சாலை. முழங்கால் வலிக்காரர் சாலையைக் கடந்து வருவாரா?

கட்டடம் எப்படி இருக்க வேண்டும்?

தரைத்தளம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாடியில் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது என்று உரிமையாளர் ஆசை காட்டுவார். படியேற முடியாதவர்கள்தான் மாதந்தோறும் வரப்போகிறவர்கள். கழிப்பறை, கைகழுவும் தொட்டி, வெளியில் மழைக்கு ஒதுங்கும் அளவு தாழ்வாரம் ஆகியவை வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஆட்டோ வாசல் வரை வர வேண்டும். உள் அலங்காரத்துக்கு நான்கு லட்சம் கேட்பவரிடம் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எந்த நேரத்தில் திறந்து வைப்பது?

காலை ஒன்பது முதல் ஒன்று, மாலை ஐந்து முதல் எட்டு என்று பாடப்புத்தக நேரம் வைத்தால் பாதி ஊரை இழந்துவிடுவீர்கள். உங்கள் பகுதியின் தொழிலைப் பாருங்கள். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர்கள் விடியும் முன் வேலைக்குப் போய், பாலெடுத்து ஒப்படைத்துவிட்டு வர நண்பகல் நெருங்கிவிடும். அங்கே ஒரு மணிக்கு மூடுகிறவர் மடையர். அண்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் முந்திரி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் மாலையில்தான் வெளியே வருவார்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கை தோல் உரிந்து வருபவர்கள் அவர்கள்தான். கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போகும் நேரமும் கரைக்கு வரும் நேரமும்தான் கடிகாரம்.

ஞாயிறு காலை பெரும்பாலான ஊர்களில் ஆராதனை முடியும் வரை ஆளே வரமாட்டார்கள். மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். ஆனால் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் திறந்திருந்தால், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் பெற்றோரைக் கையோடு அழைத்து வருவார்கள். எனக்கு வாரத்தின் நல்ல நேரம் அதுதான். என் மனைவிக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை.

என்னென்ன பதிவுகள் வேண்டும்?

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். பட்ட மேற்படிப்பு இருந்தால் அதையும் சேர்த்திருக்க வேண்டும். அடுத்தது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், அதன் 2018 விதிகள். ஒற்றை அறைக் கிளினிக்குக்கும் இது பொருந்தும். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சான்று ஐந்து ஆண்டுகளுக்கு; அதைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். உள்ளாட்சியில் அரையாண்டுத் தொழில்வரி உண்டு. பாறசாலையில் வாடகை குறைவு என்று எல்லை தாண்டிக் கிளினிக் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: கேரளத்துக்குத் தனிக் கவுன்சில் இருக்கிறது, 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. இங்கே வாங்கிய தாள்களை அங்கே காட்ட முடியாது.

காசநோயாளியைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நாளைக்கு நான்கு ஊசிதான் போடுவேன். கழிவுக்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளில் கிளினிக்குக்கு விலக்கு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, படுக்கை இல்லாத கிளினிக்குக்கு ஒரு முறை வாங்கினால் போதும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு அவர்களுடைய வண்டி வந்து எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில்; ஊசி நீக்கிய சிரிஞ்சும் குழாயும் சிவப்பில்; ஊசி முனைகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்; கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. ஆண்டறிக்கை ஜூன் 30க்குள் போக வேண்டும்.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிவிட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு லாரி லாரியாகத் திருப்பி அள்ளிப்போனார்களே, அதிலிருந்து இந்த விஷயத்தில் எல்லோருடைய கண்ணும் கூர்மையாகிவிட்டது. தெருக் குப்பையில் உங்கள் பெயர் அச்சிட்ட சீட்டோடு ஒரு சிரிஞ்சு கிடந்தால் போதும், ஊரே வந்து நிற்கும்.

தொடங்க எவ்வளவு பணம் வேண்டும்? எப்போது லாபம் வரும்?

இதற்குத்தான் எல்லோரும் அழைக்கிறார்கள். ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 12,000 ரூபாய். இரண்டு பணியாளர்களுக்குச் சேர்த்து 24,000. மின்சாரம், தொலைபேசி, இணையம் 4,000. கழிவு, சுத்தம், தாள் செலவு 5,000. அடிப்படைக் கருவிகளின் கடன் தவணை 5,000. மாதம் 50,000 ரூபாய்; யாரும் வராவிட்டாலும் இது போயே தீரும். கட்டணம் 200 என்றும், ஒருவருக்குப் பஞ்சு, கையுறை என்று 20 செலவாகிறது என்றும் வைத்தால் கையில் நிற்பது 180. 50,000 ரூபாயை எடுக்க மாதம் 278 பேர். இருபத்தைந்து நாள் வேலை என்றால் நாளுக்குப் பதினொரு பேர். உங்களுக்கென்று மாதம் 80,000 வேண்டும் என்றால் மாதம் 722 பேர், அதாவது நாளுக்கு இருபத்தொன்பது பேர்.

இப்போது அதே கணக்கில் வாடகையை 30,000 ஆக்குங்கள். உள் அலங்காரம், குளிர்சாதனம், ஸ்கேன் முன்பணம் என்று 35,000 தவணையைச் சேருங்கள். மாதச் செலவு 1,03,000. கைக்காசு போகாமல் இருக்கவே நாளுக்கு இருபத்து மூன்று பேர் வேண்டும். முதல் ஆண்டில் இருபத்து மூன்று பேர் வருவதே பெரிய வெற்றி. ஆக, அந்த வெற்றியை அடைந்தும் வீட்டுக்கு ஒரு பைசா கொண்டுபோக முடியாத நிலையை நீங்களே கட்டிக்கொள்கிறீர்கள். அப்படிச் சிக்கியவர்தான் பிறகு தேவையில்லாத பரிசோதனைகளை எழுதத் தொடங்குகிறார். கெட்ட மனிதராக இருந்து எழுதுவதில்லை; ஐந்தாம் தேதி தவணை கட்ட வேண்டுமே என்று எழுதுகிறார்.

இன்னொரு கணக்கு. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, தைராய்டு என்று மாதம் ஒருமுறை வர வேண்டியவர்கள் 278 பேர் உங்களிடம் நிலைத்துவிட்டால் கிளினிக்கின் மாதச் செலவு முழுவதும் அவர்களாலேயே முடிந்துவிடுகிறது. காய்ச்சல், தடிமன், வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களெல்லாம் அதற்கு மேல். என் கிளினிக் லாபத்துக்குத் திரும்பியது மூன்றாவது ஆண்டில். அந்த ஆண்டு புதிதாக வந்தவர்களின் எண்ணிக்கை கூடவே இல்லை. பழையவர்கள் திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நான் பார்ப்பது ஒரே எண்: இந்த மாதம் வர வேண்டியவர்களில் வராதவர்கள் எத்தனை பேர்? அந்தப் பட்டியலை எடுத்து நர்ஸ் தொலைபேசியில் விசாரிப்பார்.

கையில் ஆறு மாதச் செலவு, இந்த மாதிரியில் மூன்று லட்சம், தனியாக இருக்க வேண்டும். வீட்டுச் செலவு அதற்கு வெளியே.

எல்லா மாதமும் ஒரே மாதிரி வருமானம் வருமா?

வராது. கடற்கரைப் பக்கம் என்றால் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் அது இரண்டு முறை வருகிறது: சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; கொளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் நோய் குறையாது, கையில் காசுதான் குறையும். மலையோரத்தில் ரப்பர் இலையுதிரும் காலத்திலும் அடைமழையிலும் பால்வெட்டு நின்றுவிடும். அங்கேயும் அதே கதை. மழை விட்டதும் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று வாசல் நிறையும். நிறைந்த மாதத்தின் பணத்தில் புதிய கார் வாங்காதீர்கள்.

கட்டணம் எவ்வளவு வைப்பது?

பக்கத்து டாக்டரைவிட ஐம்பது ரூபாய் குறைத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறைவுக்கு வந்தவர், இன்னும் குறைவாகக் கிடைக்கும் இடத்துக்குப் போவார். ஊர்க் கட்டணத்தையே வையுங்கள். ஐந்து நாளுக்குள் அதே தொந்தரவுக்குத் திரும்பி வந்தால் வாங்காதீர்கள். கட்டணத்தைப் பலகையில் எழுதி வைப்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே உள்ளது. கொடுக்க முடியாதவரை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவரிடம் "அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்" என்று மெல்லச் சொல்லுங்கள். காத்திருப்பவர்கள் காதில் விழும்படி பெருந்தன்மை காட்ட வேண்டாம்.

ஸ்கேன் இயந்திரம் வாங்கினால் வருமானம் கூடாதா?

எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் தேவையில்லை. அல்ட்ராசவுண்ட் என்றால் 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறியத் தடைச் சட்டப்படி தனிப் பதிவு, உரிய பயிற்சி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எல்லாம் உண்டு. படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் இயந்திரத்துக்கு முத்திரை வைத்துவிட்டுப் போவார்கள். எக்ஸ்ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். உங்களுக்கு வேண்டியது ஈ.சி.ஜி., குளுக்கோமீட்டர், ஆக்சிமீட்டர், நெபுலைசர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், காலாவதி ஆகாத அட்ரினலின். கடைசியைப் பற்றி: மாதம் ஒருமுறை தேதியைப் பாருங்கள். ஊசி மருந்து ஒவ்வாமல் ஒருவர் கண்முன் சரியும்போது அலமாரியில் பழைய ஆம்பூல் இருந்தால், பிறகு நீங்கள் ஊரில் நடமாட முடியாது.

ஆய்வகங்களும் ஸ்கேன் மையங்களும் கமிஷன் தருகின்றன. எல்லோரும் வாங்குகிறார்களே?

அதே 2002 விதிகள் இதைத் தடை செய்கின்றன. சட்டம் கிடக்கட்டும், வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். உங்களுக்கு வரும் நூறு ரூபாய் நோயாளியின் பில்லில்தான் ஏறுகிறது. அவர் மாதந்தோறும் வருகிறவர். அவருடைய மைத்துனர் வேறொரு ஆய்வகத்தில் அதே பரிசோதனையைக் குறைந்த விலைக்கு எடுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இருவரும் ரசீதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு 2,400 ரூபாய் கட்டணம் தரும் ஒருவரை நூறு ரூபாய்க்கு விற்ற கதையாகிவிடும். நான் என் பகுதி ஆய்வக உரிமையாளரிடம் சொன்னது: "எனக்குத் தர நினைப்பதை என் நோயாளிகளின் பில்லில் கழித்துவிடுங்கள்." அவர் முதலில் சிரித்தார், பிறகு கழித்தார்.

ஊசி போடாவிட்டால் நோயாளி அடுத்த டாக்டரிடம் போய்விடுகிறார். என்ன செய்வது?

சிலர் போவார்கள். முதல் ஆண்டு இது வலிக்கும். மறுத்துவிட்டுச் சும்மா அனுப்பாதீர்கள், நேரம் கொடுங்கள். இரத்த அழுத்தத்தை இரண்டு கைகளிலும் பாருங்கள், ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் நான்கு இடத்தில் வையுங்கள், "இது வைரஸ் காய்ச்சல், மூன்றாம் நாள் இறங்கும், இறங்காவிட்டால் வியாழக்கிழமை வாருங்கள், காசு வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவர் ஊசி கேட்பது தன்னைக் கவனித்தார்கள் என்ற அத்தாட்சிக்காக. வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியிருந்தால் அவர் வரமாட்டார். அடுத்த மாதம் மாமியாரை அழைத்து வருவார்.

சொல்லும் மொழியையும் கவனியுங்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு டாக்டர், விளவங்கோடு பக்கம் "மூன்று நாளாகப் பனி" என்று ஒருவர் சொன்னதும், மப்ளர் கட்டிக்கொள்ளச் சொன்னாராம். அங்கே பனி என்றால் காய்ச்சல். மலையாளம் கலந்த பேச்சு புரியாவிட்டால் நர்ஸிடம் கேட்டுவிடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

மருந்தை நானே கொடுக்கலாமா?

உங்கள் சொந்த நோயாளிக்கு, கடை போல் திறந்து வைக்காமல் கொடுத்தால் மருந்து உரிமம் தேவையில்லை. 1945 மருந்து விதிகளின் கே அட்டவணை அந்த விலக்கைத் தருகிறது. கொள்முதல் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். தனியாக மருந்துக் கடை வைத்தால் உரிமமும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் வேண்டும், ஜி.எஸ்.டி.யும் சேர்ந்துகொள்ளும். நான் இருபது வகை மாத்திரைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. காலாவதியாகும் மருந்துதான் கிளினிக்கின் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

அரசு வீடு தேடி வந்து இலவசமாக மாத்திரை கொடுக்கிறதே, நம்மிடம் யார் வருவார்கள்?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது எனக்கும் இந்தக் கலக்கம் இருந்தது. மாத்திரைக்குச் செலவாகும் பணம் மிச்சமானதால் சிலர் என்னிடம் வருவது கூடியது. அவர்களுக்கு மாத்திரை அங்கே கிடைக்கிறது. அளவு சரியா, கால் எரிச்சல் ஏன் என்று கேட்க இங்கே வருகிறார்கள். அந்த மாத்திரையையே தொடரச் சொல்லுங்கள். வீம்புக்குப் பிராண்டை மாற்றி எழுதினால் அவர் வாங்கவும் மாட்டார், திரும்பவும் மாட்டார்.

வர்ம ஆசான்களிடம் போய்விட்டு வருகிறவர்களை எப்படி நடத்துவது?

சண்டை போடாமல். வர்மமும் சித்தமும் இந்த மண்ணில் வேர்விட்டவை. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. "எண்ணெய்க் கட்டு யார் போட்டது?" என்று கோபமில்லாமல் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். கோபப்பட்டால் அடுத்த முறை மறைப்பார்கள், உங்களுக்குத்தான் ஆபத்து. எலும்பு விலகியிருந்தால் எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். எங்கள் பக்கத்து ஆசான் ஒருவர் மார்பு வலி என்று வருபவர்களைத் தொடாமல் நேரே என்னிடம் அனுப்புகிறார். அந்த உறவு உருவாக ஆறு ஆண்டுகள் ஆயின.

விளம்பரம் செய்யலாமா?

நோயாளியை ஈர்க்கும் விளம்பரம் கூடாது. கிளினிக் தொடங்குவது, இடம் மாறுவது, நீண்ட விடுப்பில் போவது, திரும்பி வருவது ஆகியவற்றைப் பத்திரிகையில் முறைப்படி அறிவிக்கலாம். அளவுக்கு மீறிய பெயர்ப்பலகை கூடாது. மருந்துக் கடையில் உங்கள் பலகையை மாட்டக் கூடாது. கோயில் கொடைக்கும் பெருநாளுக்கும் ஃபிளெக்ஸ் வைக்கச் சொல்லி இளைஞர்கள் வருவார்கள். நன்கொடை கொடுங்கள், படம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துபாயில் இருக்கும் மகன் தொலைபேசியில் கேட்டால் மருந்து சொல்லலாமா?

கருங்கலில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு என்றால், அம்மாவின் சம்மதத்தோடு, 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி பார்க்கலாம். பதிவு எண்ணோடு சீட்டு அனுப்புங்கள், கட்டணம் வாங்குங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள். துபாயில் இருக்கும் மகனுக்கே காய்ச்சல் என்றால் அங்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வழிகாட்டுதல் இந்தியாவுக்கு உள்ளேதான்.

வருமான வரி எப்படி?

44ஏடிஏ என்ற பிரிவு எண்ணால் நமக்குப் பழகிய முறை பெரும்பாலான கிளினிக்குகளுக்குப் பொருந்தும். ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் ஐந்து விழுக்காட்டுக்குள் என்றால் 75 லட்சம் வரை, வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டினால் விரிவான கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டாம். உண்மை லாபம் பாதிக்கும் குறைவு என்று காட்ட விரும்பினால் இரண்டும் வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் நாள்தோறும் நோயாளி பெயர், கட்டணம் எழுதும் பதிவேட்டை நிறுத்தாதீர்கள். மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அழகுக்காக முடி நடுவதற்கு உண்டு.

வழக்கு வந்தால்?

1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. தொழில் பொறுப்புக் காப்பீடு முதல் நாளே எடுங்கள். காப்பீட்டைவிட உதவுவது நீங்கள் எழுதி வைத்த நான்கு வரி: என்ன சொன்னார், என்ன பார்த்தீர்கள், என்ன கொடுத்தீர்கள், எப்போது வரச் சொன்னீர்கள். மார்பு வலிக்காரரை ஆசாரிப்பள்ளம் போகச் சொன்னீர்கள், அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் அந்த நான்காவது வரிதான் உங்களைக் காப்பாற்றும். நேரம் போட்டு எழுதுங்கள்.

யாரை வேலைக்கு வைப்பது?

அந்த ஊர்ப் பெண் ஒருவர், அந்த ஊர் வீடுகளை அறிந்தவர், வாய் இறுக்கமானவர். முதல் இரண்டு தகுதிகளும் எளிதில் கிடைக்கும். மூன்றாவதற்குச் சம்பளம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

ஒரு மாதம் மூட வேண்டியிருந்தால் எல்லோரும் போய்விடுவார்களா?

சொல்லாமல் மூடினால் போய்விடுவார்கள். தேதி தெரிந்தவுடனே வாசலில் எழுதிப் போடுங்கள். மாதாந்திர நோயாளிகளுக்கு ஆறு வார மருந்துச் சீட்டை முன்னதாகக் கொடுத்து, அவசரத்துக்கு யாரிடம் போவது என்று ஒரு டாக்டரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். அவரிடம் முன்பே பேசிவையுங்கள். மகள் திருமணத்துக்காக நான் இருபத்து மூன்று நாள் மூடியபோது, பக்கத்துச் சந்திப்பு டாக்டர்தான் என் ஆட்களைப் பார்த்தார். திரும்பி வந்த நாள் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். அவரிடம் போனவர்களில் ஆறு பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த மாதம் அவருடைய ஆட்களை நான் பார்த்தேன். அவர்களில் நான்கு பேர் இன்னும் என்னிடம் வருகிறார்கள்.